அரைத் தொட்டித் தண்ணீர்

சின்ன காஞ்சிபுரத்தில் கண்ணாயிரத்தின் முகம் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவனைத் திட்டியிருக்கிறார்கள். அவன் சினிமா ஆபரேட்டர். படம் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் மேலே சின்ன அறையில் ஒருத்தன் வெந்துகொண்டு நிற்கிறான் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. பிலிம் அறுந்தாலோ, திரையில் வெளிச்சம் மங்கினாலோ போதும், கீழேயிருந்து விசில் பறக்கும். "யோவ் ஆபரேட்டரு, தூங்கறியா?" என்று கேட்பார்கள். தூங்குவதாவது! கார்பன் குச்சி இரண்டுக்கும் நடுவே எரிகிற வெளிச்சத்தைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடினால் அணையும், குறைந்தால் குச்சி சீக்கிரம் தேய்ந்துபோகும். அந்தத் திருகலிலேயே அவன் வயசு நாற்பதைத் தொட்டுவிட்டது.

இப்படிப்பட்டவன் மீன் வளர்க்க ஆரம்பித்தது தற்செயல்தான். புரொஜெக்டருக்கு ஏதோ சாமான் வாங்க மெட்ராஸ் போனவன், மூர் மார்க்கெட்டில் வழி தவறி மீன் விற்கிற வரிசைக்குள் நுழைந்துவிட்டான். ஒரு பாட்டிலுக்குள் நீல நிறத்தில் ஒற்றை ஃபைட்டர் மீன், வாலைப் பட்டு முந்தானை மாதிரி விரித்துக்கொண்டு நின்றது. கண்ணாயிரம் சாமான் கடையை மறந்தான். அடுத்தடுத்த பயணங்களில் கண்ணாடித் தொட்டி, காற்று ஊதுகிற கறுப்பு மோட்டார், ரப்பர் குழாய், பஞ்சும் கரியும் அடைத்த பில்டர் டப்பா என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. கடைசியாக ஒரு பெண் மீனும் வந்தது.

"இதுக்கு வேற கரண்ட்டு செலவா?" என்று அவன் மனைவி ஜெயம்மாள் கேட்டாள். ஆனால் மோட்டாரின் ங்ங் சத்தம் நின்றுபோனால் அடுப்படியிலிருந்து முதலில் எட்டிப் பார்ப்பவளும் அவள்தான்.

கண்ணாயிரத்துக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஜோடி அவன் வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வேண்டும். மீன் விற்றவன், "வூட்டுத் தொட்டில அதெல்லாம் ஆவாதுபா, சும்மா அழகுக்கு வெச்சிக்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. அவன் ஆரம்பித்த எந்தக் காரியம்தான் அவன் கையாலேயே முடிந்திருக்கிறது? இதையாவது தானே ஆரம்பித்துத் தானே முடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

அவன் காரியங்களையெல்லாம் முடித்து வைத்தவர் யார் என்று கேட்டால், அண்ணன் முனிசாமிதான்.

முனிசாமி ஐயம்பேட்டையில் விவசாயம். தம்பியைவிடப் பன்னிரண்டு வயசு பெரியவர். அப்பா போன பிறகு அப்பா ஸ்தானத்தில் நின்று வளர்த்தவர். கெட்டவராக இருந்திருந்தால் கண்ணாயிரத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட்டுவிட்டு விலகியிருக்கலாம். அவரோ தங்கமான மனுஷன். தம்பி ஒரு காரியத்தில் கை வைத்தால் போதும், கேட்காமலேயே வந்து மீதியைச் செய்து முடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கண்ணாயிரம் இருபது வயசில் மெட்ராஸில் பெரிய தியேட்டரில் வேலைக்குச் சேரப் பெட்டி கட்டினான். அண்ணன் அதற்குள் காஞ்சிபுரம் கொட்டகை முதலாளியைப் பார்த்துப் பேசி, "தம்பி இங்கியே இருக்கட்டும், கண்ணு முன்னால" என்று முடித்துவிட்டார். கல்யாணமும் அப்படித்தான். வாடகை வீடும் அப்படித்தான். வீட்டுக் கொல்லையில் கண்ணாயிரம் முல்லைக்கொடி வைக்கக் குழி தோண்டி வைத்திருந்தான். மேட்னி முடிந்து வந்து பார்த்தால் அதில் வாழை நின்றது. "கொடி இன்னாத்துக்கு? இது தாரு தள்ளும்" என்றார் அண்ணன். தள்ளவும் தள்ளியது. அதுதான் இன்னும் எரிச்சல்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? "உங்க அண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று ஊரே சொல்கிறது. கண்ணாயிரமும் தலையை ஆட்டுவான். அண்ணன் எதிரில் அவன் வாய் திறந்ததில்லை.

மீன் விஷயத்துக்கு வருவோம். ஃபைட்டரில் ஆண் மீன்தான் வீடு கட்டும். தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி விழுங்கி, எச்சில் கலந்து குமிழி குமிழியாக விட்டு, ஒரு நுரைக்கூடு கட்டும். பெண் முட்டை போட்டதும் ஒவ்வொரு முட்டையாக வாயில் கவ்விக்கொண்டு போய் அந்த நுரைக்குள் சொருகி வைத்துக் காவல் நிற்கும். பார்க்கச் சோப்பு நுரை மாதிரிதான் இருக்கும். ஒரு அலை போதும், வீடு காலி.

முதல் தடவை கண்ணாயிரம் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருந்தான். பில்டரிலிருந்து வந்த ஓட்டம் நுரையை மெல்ல மெல்ல இழுத்துப்போய் மூலையில் கரைத்துவிட்டது. அடுத்த தடவை, பில்டரே வேண்டாம் என்று நிறுத்தினான். இரையாகப் போட்டு மீன் தின்னாமல் விட்ட புழு அழுகித் தண்ணீர் நாறி, ஆண் மீன் கூட்டைத் தானே கலைத்துவிட்டுப் போய் மூலையில் படுத்தது. அதற்கப்புறம், விழுகிற முட்டையை ஆண் மீன் சுலபமாக எடுக்கட்டும் என்று தண்ணீரைப் பாதியாக இறக்கிப் பார்த்தான். பில்டர் குழாயின் வாய் இப்போது தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டது. முனிசிபல் குழாய் மாதிரி சளசளவென்று கொட்டி, கூடு கட்டவே விடவில்லை. கண்ணாயிரம் பல்லைக் கடித்துக்கொண்டு அன்று சாப்பிடாமல் தியேட்டருக்குப் போனான்.

குழாயை அறுத்து, அதன் வாய் பாதித் தண்ணீருக்குச் சரியாக, மட்டத்தோடு மட்டமாக நிற்கும்படி செய்ய வேண்டும் என்று புரிய அவனுக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின. பில்டரை ஓட்டுகிற காற்றுக் குழாயில் ஒரு திருகு கிளிப் மாட்டி, குமிழி ஒன்றன்பின் ஒன்றாக ஊசலாடாமல் வரும்படி வைத்தான். அதிலும் ஒரு தொல்லை. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகும். ஊர் அடங்கியதும் துள்ளும். எந்த நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி கிளிப்பை ஒரு இடத்தில் நிறுத்தக் கார்பன் திருகிய கைதான் உதவியது. ஓட்டம் இருக்கிறது, ஆனால் மேலே போட்ட ஒரு துளசி இலைகூட நகரவில்லை. அன்றைக்கு அவன் ஜெயம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இலை அப்படியே நிக்குது பாத்தியா?"

"ஆமா, இலை நிக்கறத்துக்கா இத்தினி பாடு?" என்றாள். அப்புறம் அவளே ரொம்ப நேரம் நின்று பார்த்தாள்.

கூடு வந்தது. முட்டையும் வந்தது. அது எப்போது வந்தது என்பதில்தான் வினை. எழுபத்தொன்பதாம் வருஷம், அத்திவரதரைக் குளத்திலிருந்து வெளியே எடுத்த சமயம். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற சாமியைப் பார்க்க உலகமே சின்ன காஞ்சிபுரத்துக்குள் திரண்டிருந்தது. கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிறவனுக்கு உறவுக்காரர்கள் எத்தனை பேர் என்பது அந்த நாட்களில்தான் தெரியும். முட்டை போட்ட மறுநாள் காலையில் மாட்டு வண்டியில் அண்ணன் வந்து இறங்கினார். கூடவே அண்ணி செல்லியம்மாள், அவர்கள் பெண்கள், மாப்பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அரிசி மூட்டையும் கொத்தவரங்காயும் வண்டியிலிருந்தே இறங்கின.

முட்டை போட்டதும் ஆண் பெண்ணைத் துரத்திக் கடிக்கும் என்பதால் கண்ணாயிரம் பெண் மீனை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியே வைத்திருந்தான். ஆண் மீன் கூட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, கீழே விழுகிற முட்டையைத் திரும்பத் திரும்பக் கவ்வி மேலே வைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒருநாள் அசையாமல் இருந்தால் குஞ்சு வெளியே வந்துவிடும்.

கண்ணாயிரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, தொட்டிப் பக்கம் போகக்கூடாது என்று சொன்னான். மாப்பிள்ளைகளிடம் தன்மையாகச் சொன்னான். அண்ணியிடம், "அண்ணி, பசங்க கை வெச்சிடப் போறாங்க, கொஞ்சம் பாத்துக்க" என்றான். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. அண்ணனிடம் போய் "தொடாதே" என்று எப்படிச் சொல்வது? அதற்கு வேறு வாய் வேண்டும். இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்றான். "இன்னாடா?" என்றார். "ஒண்ணுமில்லணா, காபி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டான்.

அன்று மத்தியானம் எல்லாரும் வரிசையில் நிற்கக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி. "நான் விடியக்காலம் கூட்டம் கொறைஞ்சப்புறம் போயிக்கறேன், நீங்க போங்க" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜெயம்மாளும் பெண்களோடு போனாள். கண்ணாயிரம் மேட்னிக்குப் போக வேண்டும். கதவருகே நின்று தொட்டியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறவரை எழுப்பிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

தியேட்டரில் அன்று சாமி பார்த்துவிட்டுப் படம் பார்க்க வந்த கூட்டம் பிதுங்கியது. இன்டர்வெல்லில்கூட அறையை விட்டு இறங்க முடியவில்லை. மேட்னி விட்டதும், முதல் ஆட்டத்துக்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு மிதித்தான்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. குடுகுடுவென்று தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம்.

தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. கிளிப் முழுசாகத் திறந்திருந்தது. பில்டர் வாயிலிருந்து ஓட்டம் சுழன்று சுழன்று தொட்டியையே கலக்கிக்கொண்டிருந்தது. மேலே நுரை இல்லை. ஆண் மீன் தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போய்ப் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பெண் மீன் வால் கிழிந்து அடியில் கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"வந்துட்டியா? பாருடா இப்போ, எப்பிடி இருக்குது! நீ சினிமா சினிமான்னு ஓடிக்கினு இருக்கற, இதைக் கவனிக்கவே இல்ல. பாதிக்குப் பாதி வத்திப் போயி, மேல ஒரே நுரை கட்டிக்கினு இருந்திச்சி. நின்ன தண்ணி அப்பிடித்தான், கழனில பாத்ததில்லியா? அந்த மீனு வேற வாயத் தொறந்து தொறந்து மேல வருது. மூச்சு முட்டுதுன்னு எனக்கு அப்பறந்தான் வெளங்கிச்சி. கெணத்துத் தண்ணி சேந்தி ரொப்பிட்டேன். இந்தத் திருகு ஒண்ணு அடைச்சிக்கினு இருந்துதா, அதையும் தொறந்து வுட்டேன். தண்ணி பாஞ்சாதானடா உசுரு நிக்கும்!"

"நுரை?" என்றான் கண்ணாயிரம்.

"அந்த அழுக்கா? கையால வழிச்சி வாழைக்குக் கொட்டிட்டேன். அது ஒண்ணு பாட்டில்ல தனியாக் கெடந்துச்சி, பாவம். அதையும் சேத்து வுட்டுட்டேன்."

கண்ணாயிரம் கொல்லைக்கு ஓடினான். வாழையடியில் மண் ஈரமாக இருந்தது. ஒரு சருகின்மேல் நாலைந்து குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குனிந்து சருகை எடுத்தான். கையில் எடுத்த உடனே அவையும் உடைந்தன. அவனுக்கு அழுகை முட்டியது, அதை விழுங்கினான், விழுங்கியது வேறு எதுவாகவோ மாறி மேலே வந்தது. அண்ணன் பின்னாலேயே வந்து நின்று, "இன்னாடா தேடற?" என்று கேட்டார்.

"உன்ன யாரு கேட்டா?"

கண்ணாயிரம் கத்தியது அடுத்த வீட்டுக் கொல்லை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் கையில் வாளி அப்படியே நின்றது.

"அது அழுக்கில்ல. முட்டை! நுரைக்குள்ள முட்டை வெச்சிருந்திச்சி. நாளைக்குக் குஞ்சு வந்திருக்கும். அரைத் தொட்டியா நான்தான் வெச்சேன். ஓட்டத்தை நான்தான் கொறச்சி வெச்சேன். ரெண்டு வருசமா இதோட மாரடிக்கிறேன். நீ ஒரு மத்தியானத்துல ரொப்பிட்ட. எதுக்கெடுத்தாலும் நீயே வந்து ரொப்பிட்டுப் போற! மெட்ராஸு போறேன்னேன், இங்கியே கட்டிப் போட்ட. நீயே வீடு பாத்த. நீயே பொண்ணு பாத்த. என் கொல்லைல நான் தோண்டின குழில நீ வாழை வெக்கிற. ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி, 'செய்யட்டுமாடா'ன்னு என்னைக் கேட்டிருக்கியா?"

அவன் பேச்சில் அன்று ஒரு 'அண்ணா'கூட இல்லை. பேசி முடித்துத் திரும்பியபோதுதான் கோயிலிலிருந்து வந்த பெண்கள் கொல்லைக் கதவருகே நிற்பதைப் பார்த்தான். முன்னால் ஜெயம்மாள், கையில் துளசியோடு. அவள் முகத்தைப் பார்த்ததும் எந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது என்று கண்ணாயிரத்துக்குத் தெரிந்துவிட்டது.

"என்னையும் ரொப்பினதுல சேத்துட்டியா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார். "முட்டைன்னு எனக்குத் தெரியாதுடா. நுரைன்னு நெனச்சிட்டேன்" என்றார். கண்ணாயிரம் கிளிப்பைக்கூட மூடாமல் முதல் ஆட்டத்துக்குப் போனான். அன்று இரண்டு முறை வெளிச்சத்தைக் கோட்டைவிட்டு, கீழேயிருந்து வேண்டிய மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மீன் விஷயம் அத்தோடு முடிந்தது. பெண் மீன் விடிவதற்குள் செத்து மிதந்தது. ஆண் மீன் மட்டும் தொட்டியின் மேல்மட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாயிரத்துக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று படுக்கையில் புரண்டபடி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். ஜெயம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சொன்னது நிஜமாக இருந்தும் ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

காலையில் வண்டி கட்டியாகிவிட்டது. இன்னும் நாலு நாள் தங்குவதாக வந்தவர்கள், ஆடி நடவு இருக்கிறது என்று அண்ணி சொல்லிக் கிளம்பினார்கள். அண்ணன் சாமியைப் பார்க்கவே இல்லை. அதை யாரும் சொல்லிக் காட்டவும் இல்லை. பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் துண்டை மறந்துவிட்டேன் என்று உள்ளே வந்தார்.

கண்ணாயிரம் கூடத்தில் தொட்டி முன்னால் நின்றிருந்தான். அண்ணன் அவனைத் தாண்டிப் போய்த் துண்டை எடுத்துக்கொண்டார். திரும்புகிறபோது அடுப்படி நடையில் இருந்த தண்ணீர்ப் பானையருகே நின்றார். மூடியின் மேலிருந்த டம்ளரை எடுத்தார். எடுத்தவர் மூடியில் கை வைக்காமல் அப்படியே தயங்கினார். வெயில் ஏறியிருந்தது, நெற்றியில் வியர்வை.

"கண்ணாயிரம்," என்று கூப்பிட்டார். "தண்ணி கொஞ்சம் மொண்டு குடிக்கட்டுமாபா?"

எப்போதும் வருகிற 'டா' இல்லை. கேலியும் இல்லை, கண்ணாயிரம் முகத்தை உற்றுப் பார்த்துத் தேடினான், கேலி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலாம். தம்பி சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். விதைப்பு நாளை மனசில் வைத்துக்கொள்வது மாதிரி, இனி மறக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"குடிணா" என்று சொல்லக் கண்ணாயிரம் வாயைத் திறந்தான். சொன்னால் அது உத்தரவு கொடுத்தது ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவர் குடிக்கப்போவதில்லை. தன் அண்ணன், தன் வீட்டில், வெறும் தண்ணீருக்கு.

அண்ணன் டம்ளரைக் கையில் பிடித்தபடி, பதில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.